மூட்டை மாத்திரையும் ஒரே டாக்டரும்
வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் எல்.சி.இ.சி.யு.வுக்கு, அதாவது குறைந்த செலவில் சிகிச்சை தரும் பிரிவுக்குப் போகிறீர்களா? ஸ்பெஷலிஸ்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், முட்டிவலி. முன்பெல்லாம் மூன்று டாக்டர், மூன்று சீட்டு. ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. இங்கே குடும்ப மருத்துவர் பையிலிருந்த மாத்திரைகளையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை நிறுத்தினார். ஏன் நிறுத்துகிறேன் என்று பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரம்மாவுக்கும் விளக்கினார். அம்மா ஊர்க்கதை பேசியதெல்லாம் அந்தச் சின்ன டாக்டரிடம்தான்!

1982-இல் நகரத்து ஏழைகளுக்காகத் தொடங்கிய இடம் இது. சி.எம்.சி. 2006 முதல் தொலைநிலையில் குடும்ப மருத்துவ டிப்ளமோவும் நடத்துகிறது. எம்.பி.பி.எஸ். முடித்துச் சிற்றூரில் கிளினிக் வைத்திருப்பவர், அதை மூடாமலே இரண்டு வருடம் படிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அமெரிக்காவில் வேலூர் சி.எம்.சி. ஃபவுண்டேஷன், பிரிட்டனில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் வேலூர் என்று நன்கொடை திரட்ட அமைப்புகள் உண்டு. நம்மவர்கள் கொடுப்பதென்றால் கட்டடத்துக்கும் கட்டிலுக்கும்தான். ‘கல்லில் பேர் வெட்டுவாங்க மாப்ளே’ என்கிறார் மச்சான். நான் டாக்டர் பயிற்சிக்கென்று குறிப்பிட்டே கொடுத்தேன். அடுத்த வருஷமும் அதற்குத்தான்.