செந்நரியும் ஆர்க்டிக் நரியும்

நரியினங்களுள் மிகப் பரந்த நிலப்பரப்பில் வாழ்வது செந்நரி. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் இயல்பாகவும், 19ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஆஸ்திரேலியாவில் அந்நிய விலங்காகவும் அது வாழ்கிறது. லண்டன் வீட்டுத் தோட்டங்களில்கூடக் குட்டி ஈனுகிறது. ஆர்க்டிக் நரியின் உலகம் வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற தூந்திர நிலமும் கடற்பனியும் மட்டுமே.

குளிரைத் தாங்குவதில் ஆர்க்டிக் நரிக்கே முதலிடம் தர வேண்டும். சிறிய காதுகள், குட்டையான முகம், உள்ளங்காலையும் மூடும் மயிர் ஆகியவை உடல் வெப்பத்தைக் காக்கின்றன. பெரும்பாலானவற்றின் குளிர்கால வெண்மை கோடையில் பழுப்பாக மாறிவிடுகிறது. இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டைக் கருவி பொருத்தப்பட்ட இளம் பெண் நரியொன்று, 2018இல் நார்வேயின் ஸ்வால்பார்டிலிருந்து கிரீன்லாந்து வழியாகக் கனடாவின் எல்ஸ்மியர் தீவு வரை 76 நாட்களில் ஏறத்தாழ 3,500 கி.மீ. கடந்தது. செந்நரியிடம் இத்தகைய பயணத்தை எதிர்பார்க்க இயலாது.

உணவில் நிலைமை தலைகீழ். எலி, முயல், பழம், குப்பை என எதையும் உண்ணும் செந்நரிக்குப் பஞ்ச காலம் அரிது. உள்நாட்டுத் தூந்திரத்து ஆர்க்டிக் நரியோ பெரிதும் லெம்மிங் என்னும் கொறிணியை நம்பியுள்ளது. லெம்மிங் பெருகும் ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட குட்டிகளை ஈனும் அது, அவை அருகும் ஆண்டில் இனப்பெருக்கத்தையே தவிர்ப்பதுண்டு.

இரண்டும் எதிர்ப்படும் இடங்களில் உடல் பெருத்த செந்நரியே வெல்கிறது. புவி வெப்பமடைவதால் ஸ்காண்டிநேவிய மலைகளில் அது மேலும் உயரத்திற்கு ஏறி ஆர்க்டிக் நரியின் வளைகளைக் கைப்பற்றுவதால், நார்வே அரசு ஆர்க்டிக் நரிகளை அடைப்பில் வளர்த்துக் காட்டில் விட்டுவருகிறது.