பெயர் சொல்ல முடியாத வக்கீல் ஆபீஸ், திருப்பூர்: செக் பவுன்ஸ் கேஸ் அனுபவம்

வக்கீல் பெயரைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி 36-ன்படி வக்கீல் விளம்பரம் தேடக் கூடாது. பெயர்ப் பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். வக்கீல்களைப் பட்டியல் போட்டு ஆள் பிடித்துத் தரும் இணையதளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது.

பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பது என் தொழில். ஒரு பார்ட்டி கொடுத்த 3,40,000 ரூபாய் செக் கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. முதலில் பார்த்த வேறொரு வக்கீல், "வர்றதுல பத்து பர்சென்ட்" என்றார். பேப்பர்களை வாங்கி வைத்துக்கொண்டு, அட்வான்ஸ் கொடுத்தால்தான் கட்டு திரும்ப வரும் என்றும் சொல்லிவிட்டார்.

இவரிடம் வந்து சொன்னதும், "வசூல்ல பங்கு பேசறதே தப்புங்க, விதி 20 இருக்குது" என்றார். பீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டதாம். ஒரு போன் போட்டார். சாயங்காலமே கட்டு கைக்கு வந்தது. அப்புறம் தன் பீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்தார். கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு.

வேலை சுத்தம். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். 'ஏமாற்றுப் பேர்வழி' என்று நோட்டீஸில் சேர்க்கச் சொன்னேன். பேனாவால் அடித்துவிட்டு, செக்கில் உள்ள தொகையையும் நோட்டீஸில் உள்ள தொகையையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். டீ குடிக்க வெளியே கிளம்பியபோது கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்தில் அதை மாட்டிக்கொண்டு திரியக் கூடாதாம்! அதற்கும் ஒரு விதி.

குறையும் இருக்கிறது. போனை எடுக்கவே மாட்டார். கோர்ட் புறக்கணிப்பு என்றால் இவரும் உள்ளே போக மாட்டார், வாய்தாதான். வக்கீல்களுக்கு ஸ்டிரைக் உரிமை இல்லை என்று 2002-ல் வந்த தீர்ப்பைக் கேட்டேன். "சங்க முடிவுங்க" என்று பேச்சை மாற்றினார். மற்ற விதியெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர் இதில் மட்டும் நழுவியது எனக்குப் பிடிக்கவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் 2024 மே மாதத் தீர்ப்பு அந்தக் கதவையும் சாத்திவிட்டது. வக்கீல் மேல் புகார் இருந்தால் பார் கவுன்சில்தான்.

கடைசியில் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமாகி, பணம் தவணையில் வந்தது. அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது.

போகிறவர்கள் செக், பேங்க் மெமோ, பில், டெலிவரி சலான் எல்லாம் ஒரிஜினலாகவே எடுத்துப் போங்கள். ஆறு மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார். வண்டி நிறுத்த இடமில்லை.