மாமாவின் பித்தப்பையும் ஒரு பென்டிரைவும்

போன டிசம்பரில் மூன்று வாரம் புதுச்சேரி போயிருந்தேன். கையில் மூன்று வேலை: முத்தியால்பேட்டை வீட்டுக்கு வரி கட்டுவது, தூங்கிப்போன வங்கிக் கணக்கை எழுப்புவது, அம்மாவின் கண்ணைக் காட்டுவது. வரி பத்து நிமிஷத்தில் முடிந்தது. வங்கிக்கு நாலு தடவை நடந்தேன், அதை எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத இடம் இருக்காது. நாலாவது வேலை நான் போய் இறங்கிய இரண்டாம் நாள் ராத்திரி தானாக வந்து சேர்ந்தது. பரோட்டா சாப்பிட்டுப் படுத்த மாமா (அக்கா வீட்டுக்காரர்) வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கேஸ் என்று சோடா குடித்தார், அக்கா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். விடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல்.

நான் இருப்பது பிரான்ஸில், ஸ்த்ராஸ்பூர். டிராம் ஏறினால் ஜெர்மனியில் இறங்கலாம், அவ்வளவு கிழக்கு ஓரம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். அதனால் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் ஃபிலிம் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் படம் எடுக்கிறவன், படித்துச் சொல்கிறவன் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மா கேட்பதாக இல்லை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நான் வாழும் ஊருக்கும் பித்தப்பைக்கும் பழைய உறவு. 2001 செப்டம்பர் 7ஆம் தேதி ஸ்த்ராஸ்பூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 68 வயது அம்மா ஒருவரின் பித்தப்பையை, நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு ரோபோ கைகளை இயக்கி எடுத்தார்கள் ழாக் மரெஸ்கோ குழுவினர். நாலு நாளில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. இந்தச் செய்தி வெளியே வந்தபோது உலகம் வேறொரு நியூயார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பல வருஷம் கழித்து அதே ஊரில் 13 சர்ஜன்கள் செய்த 80 பித்தப்பை ஆபரேஷன்களின் வீடியோவைச் சேர்த்து, எந்த நொடியில் எந்தக் கட்டம், எந்தக் கருவி என்று குறிப்பெழுதி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். ‘கோலெக்80’ என்று பெயர். ஆபரேஷன் வீடியோவைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆட்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. ஆக, எங்கள் மாமா அறியாமலே ஒரு நல்ல பரம்பரையில் சேரப்போகிறார்.

மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மருக்குப் போகலாம் என்றேன். காத்திருக்கும் பொறுமை மாமாவுக்குக் கிடையாது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம், பெயர் வேண்டாம். வேகத்தில் குறை சொல்லவே முடியாது. காலை ஆறு மணிக்கு ஸ்கேன், பத்து மணிக்கு சர்ஜன் பார்த்தார், மதியத்துக்குள் ரத்தம், ஈசிஜி, மயக்க மருந்து டாக்டர் எல்லாம் முடிந்து மறுநாள் காலை முதல் கேஸ். முன்பணம் 50,000 ரூபாய். ஸ்த்ராஸ்பூரில் என்றால் பணம் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் வலி அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பி, சில வாரம் தள்ளித் தேதி கொடுத்திருப்பார்கள்.

கவுண்டரில் அக்காவிடம் ஆறு பக்கத்தை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். பேனா வைத்த இடத்தில் எல்லாம் அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். நான் தொழில் பழக்கத்தில் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில், மயக்க மருந்துக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் நடுவில் ஒரு வரி: ஆபரேஷன் வீடியோவைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தொழில்நுட்ப மேம்பாட்டுக்கும் பயன்படுத்த நோயாளி சம்மதிக்கிறார்.

“இந்த வரியை மட்டும் அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடலாமாம்மா?”

“சார், அது எல்லாருக்கும் போடுறதுதான்.”

“அது தெரியுது. வேணாம்னா என்ன பண்ணணும்?”

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். அங்கே வலியோடு ஒருத்தர் படுத்திருக்கிறார், நீ இங்கே சட்டம் பேசுகிறாயா என்று அதற்கு அர்த்தம். சரி என்று விட்டுவிட்டேன். நம் நாட்டில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. அந்தக் கவுண்டரில் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் சிஸ்டர் ஒருவர் வெளியே வந்து, மூடி போட்ட சின்ன பாட்டிலை அக்காவிடம் காட்டினார். மிளகு அளவில் 17 கல், ஒன்று மட்டும் கொண்டைக்கடலை. இந்தக் கல்லைக் காட்டும் சடங்கு ஸ்த்ராஸ்பூரில் நான் பார்த்ததில்லை. இங்கே அது இல்லாவிட்டால் ஆபரேஷன் நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் டிஸ்சார்ஜ். மொத்த பில் 92,000 சொச்சம். அதில் ‘வீடியோ’ என்று 750 ரூபாய் தனி வரி, அதற்கு ஒரு பென்டிரைவ்.

வீட்டுக்கு வந்து அக்கா மகனின் லேப்டாப்பில் செருகினால் இரண்டு ஃபைல். ஒன்று மாமா பெயரில். இன்னொன்று ஒரு பெண்ணின் பெயரில், வயது 43, கூடவே ஆஸ்பத்திரி எண். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஃபைல் பெயரிலேயே எழுதியிருந்தது. அதைத் திறக்கவில்லை. பையனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன்.

மாமாவின் வீடியோவை மாமாவே பார்க்க வேண்டும் என்றார். லுங்கியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, வயிற்றில் நாலு பிளாஸ்திரியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்லீரல் கத்தரிக்காய்த் தோல் மாதிரி பளபளவென்று இருந்தது. அதன் அடியில் பித்தப்பை, பச்சையும் நீலமும் கலந்து, உப்பிப்போய். சர்ஜன் கொக்கி மாதிரியான ஒரு கருவியால் மஞ்சள் கொழுப்பைத் துளித் துளியாகச் சுட்டு விலக்கிக்கொண்டே போனார். இருபது நிமிஷம் இதே வேலை. மாமாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எனக்கு அந்த இருபது நிமிஷம்தான் படம்.

காரணம் இருக்கிறது. பித்தப்பையிலிருந்து கிளம்பும் சின்னக் குழாயை வெட்ட வேண்டும். அதற்கு விரற்கடை தூரத்தில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் முக்கியப் பித்தநாளம் ஓடுகிறது. வீங்கிப்போய் ஒட்டிக்கிடக்கும்போது இது அது மாதிரியே தெரியும். இந்தத் தவறால் வந்த 252 காயங்களை அமெரிக்காவில் அலசி 2003இல் வெளியிட்டார்கள். 97 சதவீதத்தில் அடிப்படைக் காரணம் கண்ணுக்கு ஏற்பட்ட மயக்கம், கைத்திறன் குறைவு இல்லை. ஒன்றை இன்னொன்றாகப் பார்த்துவிட்டு, பார்த்ததை நம்பி வெட்டியிருக்கிறார்கள். இதற்கு எதிராக ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க சர்ஜன் 1995இல் சொன்ன விதி மூன்று வரிதான்: நடுவில் இருக்கும் முக்கோணத்தைக் கொழுப்பில்லாமல் துடைத்தெடு, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரி, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு இழை (அந்தச் சின்னக் குழாயும் ஒரு ரத்தக் குழாயும்) நுழைவதைக் கண்ணால் பார்க்கும்வரை வெட்டாதே.

வீடியோவில் எங்கள் டாக்டர் அங்கே நிறுத்தினார். பித்தப்பையை இடப்பக்கம் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினார், வலப்பக்கம் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். இரண்டு இழைகளுக்கு நடுவே கல்லீரல் தெரிந்தது. கொஞ்ச நேரம் எதையும் தொடவே இல்லை. அப்புறம்தான் குழாயைக் கவ்வி அடைக்கும் கிளிப். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது, இத்தனைக்கும் மாமா முழுசாக என் பக்கத்தில்தான் உட்கார்ந்து முறுக்கு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நடுவில் லென்ஸ் மங்கியதும் கேமராவைத் துடைக்க வெளியே எடுத்தார்கள். நாலைந்து நொடி, தியேட்டர் விளக்கு, சுவர்க் கடிகாரம், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரு சிஸ்டரின் முகம். அப்புறம் மறுபடி வயிறு. வயிற்றுக்குள் எடுத்த படத்தை வைத்து ஆள் யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டம், இந்த வெளிக்காட்சிகள்தான் ஆபத்து. இவற்றை மட்டும் தேடிப் பிடித்து மங்கலாக்க ஸ்த்ராஸ்பூர் ஆராய்ச்சிக்காரர்கள் தனியாக ஒரு நிரலே எழுதியிருக்கிறார்கள். முத்தியால்பேட்டை ஹாலில் அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அது எதற்கென்று எனக்கு உறைத்தது.

தையல் பிரிக்க ஒரு வாரம் இருந்தது. அதற்குள் அம்மாவின் கண். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 18 வருஷம். ஸ்த்ராஸ்பூரில் கண் டாக்டரைப் பார்க்க எனக்குத் தேதி கிடைத்தது ஐந்து மாசம் தள்ளி. இங்கே ஒரு சின்னக் கண் மையத்துக்கு நேரே நடந்து போனோம். கறுப்புத் திரை போட்ட மூலையில் ஒரு கேமரா, அதை இயக்க வில்லியனூரிலிருந்து வரும் ஒரு சின்னப் பெண். சொட்டு மருந்து இல்லை. “தாடையை இதுல வைங்க பாட்டி, பச்சைப் புள்ளியைப் பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க.” பளிச். வலது கண்ணுக்கு ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்துவிட்டது, சர்க்கரையால் பெரிய பாதிப்பு இல்லை என்று. இடது கண்ணுக்கு மூன்று முறை எடுத்தும் ‘படம் தெளிவில்லை’ என்றே வந்தது.

விழித்திரைப் படத்தைப் படிக்கும் இந்த வித்தையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. கூகுள் ஆட்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 படங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். அதில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் சேர்த்தி. அப்புறம் இந்த இரண்டு இடத்திலும் 3,049 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள், கண் படத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றது. அதே கருவியைத் தாய்லாந்தில் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது, முதல் ஆறு மாசத்தில் எடுத்த படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் அதிகம் என்பது ஒரு காரணம். அதனால் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது.

இடது கண்ணில் என்ன என்று கருவி சொல்லவில்லை. அதற்குச் சர்க்கரை நோய்க்கான கேள்வி மட்டும்தான் தெரியும். வில்லியனூர்ப் பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “புரை முத்தியிருக்கு பாட்டி, அதான் படம் விழல” என்றாள்.

“அதைத்தான்டா நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்” என்றார் அம்மா, என்னைப் பார்த்து.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிக் கொடுத்தாள். போன் நம்பர் வாங்கி, திங்கட்கிழமை கூப்பிட்டு ஞாபகமும் படுத்தினாள்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டரிடம் வீடியோ பார்த்தேன் என்றேன். ஸ்த்ராஸ்பூர் என்றதும் முகம் மலர்ந்தது. அங்கே ஒரு வாரப் பயிற்சிக்கு வந்திருக்கிறாராம், குளிர்தான் ஞாபகம் இருக்கிறதாம். அந்த முக்கோணத்தைக் ‘காலாட்ஸ்’ என்றார். பிரெஞ்சு சர்ஜன் பெயர் அது, அங்கே எல்லோரும் ‘காலோ’ என்பார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் உச்சரிப்பு. நான் திருத்தவில்லை.

தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மாமாவின் வீடியோவுக்கு அடியில் ஏழு நிறத்தில் ஒரு பட்டை. கருவி தானாகவே பிரித்து வைத்திருந்தது: தயாரிப்பு, முக்கோணம் துடைப்பது, கிளிப்பும் வெட்டும், இப்படி. “முன்னெல்லாம் ஒரு மணி நேரத்தை ஓட்டி ஓட்டித் தேடணும். இப்ப கிளிப் போடுற எடத்துக்கு நேராப் போயிடலாம். ஜூனியருங்க வீடியோவையும் ராத்திரி உக்காந்து பார்த்துடுறேன்.” ஒரு இடத்தில் லேசான ரத்தக் கசிவைக் கழுவியதை, கடைசியில் வரும் சுத்தம் செய்யும் கட்டம் என்று தப்பாக நிறம் போட்டிருந்தது. அதைக் காட்டிச் சிரித்தார். ஆபரேஷன் நடக்கும்போதே இங்கே வெட்டலாம், இங்கே கூடாது என்று பச்சை, சிவப்பு போட்டுக் காட்டும் நிரலை டொரோன்டோ சர்ஜன்கள் முயன்றிருக்கிறார்கள், தெரியுமா என்றேன். தெரியும் என்றார். “ஆனா பச்சை காட்டுச்சுன்னு நான் வெட்ட மாட்டேன். சிவப்பு காட்டுச்சுன்னா நிறுத்துவேன். எனக்கு அது போதும்.”

இந்தக் கருவியை ஒரு கம்பெனி ஆறு மாசச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறதாம்.

“அப்ப வீடியோ அவங்களுக்குப் போகுமா டாக்டர்?”

“பேரை எடுத்துட்டுத்தான் போகும்னு சொல்லியிருக்காங்க.”

பென்டிரைவை மேஜையில் வைத்து இரண்டாவது ஃபைலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ஐடி பையனைக் கூப்பிட்டார். வந்த பையன், “டெலிட் பண்ணிடுங்க சார், காப்பி பண்றப்ப சேர்ந்து வந்திருக்கும்” என்றான், சட்டையில் நூல் பிரிந்தது மாதிரி. டாக்டர் ஏதோ சொல்ல, அங்கேயே உட்கார்ந்து அழித்தான். “ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன் சார்.” எங்கள் வீடியோ யார் வீட்டுக்காவது போயிருக்கிறதா என்றேன். அப்படியெல்லாம் ஆகாது சார் என்றான். அந்த அம்மாவிடம் சொல்வீர்களா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். இதுவரை பதில் இல்லை.

வீடு திரும்பும்போது ஆட்டோவிலேயே என் போன் அதிர்ந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழு, 64 பேர். மாமா தன் பித்தப்பையை வெட்டியெடுக்கும் இரண்டு நிமிஷத்தை, கீழே ‘எல்லாம் நல்லபடி முடிந்தது’ என்று எழுதி, அதில் போட்டிருந்தார். எட்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். காரைக்கால் பெரியம்மா மட்டும், சாப்பிடுகிற நேரத்தில் இதையெல்லாம் போடாதே என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்.