மாடிச் சுவருக்கு ஏஏசி கல்லா, நுரைக் கான்கிரீட் கல்லா?

அப்பா கட்டிய வீட்டின் மேல் இரண்டு அறை எழுப்பலாம் என்றதும், இன்ஜினியர் முதலில் கேட்டது எடையைப் பற்றித்தான். செங்கல் சுவர் கன மீட்டருக்கு 1,800 கிலோ பக்கம் வரும். அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. மிஞ்சியவை இரண்டு: ஏஏசி கல், அதாவது நீராவி அழுத்தத்தில் வேகவைத்த காற்றுக்குமிழிக் கான்கிரீட் கல்; சிஎல்சி என்று விற்கும் நுரைக் கான்கிரீட் கல். நான் ஏஏசி வாங்கினேன்.

இரண்டிலும் எடையைக் குறைப்பது காற்றுக்குமிழிதான். ஏஏசியில் அலுமினியப் பொடி சுண்ணாம்போடு வினைபுரிந்து வாயுவைக் கிளப்ப, கலவை இட்லி மாவு போல உப்பும். சிஎல்சியில் தனியாக அடித்த நுரையை சிமெண்ட், சாம்பல் கலவையில் கலப்பார்கள். வித்தியாசமெல்லாம் அதற்கப்புறம்தான். ஏஏசி கல்லை 180 டிகிரிக்கு மேல் நீராவி அழுத்தத்தில் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் சுண்ணாம்பும், மணலிலோ சாம்பலிலோ இருக்கும் சிலிக்காவும் சேர்ந்து டோபர்மொரைட் என்ற படிகமாகிவிடும். லாரி ஏறும்போதே முழு பலமும் வந்தாயிற்று. சிஎல்சி அப்படியில்லை, வாரக்கணக்கில் தண்ணீர் குடித்துத்தான் தேற வேண்டும்.

பக்கத்து ஊர்ப் பட்டறையில் "நாலு நாள் ஆச்சுங்க, எடுத்துட்டுப் போலாம்" என்றார்கள். ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன். நடுவில் கருத்த ஈரம். மேற்பக்கம் கடுகளவு குமிழி, அடிப்பக்கம் இறுகிப்போன கலவை. நுரை நிற்காமல் மேலே ஏறியிருக்கிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்த ஈரம்தான். பச்சைக் கல் சுவரில் ஏறிய பிறகு காயும், காயும்போது சுருங்கும். நல்ல ஏஏசி கல் மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்குள் சுருக்கத்தை நிறுத்திக்கொள்ளும். நுரைக் கல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், சில சமயம் மூன்று வரை போகும். பூச்சில் வெடிப்பு விழுந்தபின் கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

சிஎல்சியைத் தேற்ற வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். தண்ணீரைக் குறைத்து, கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் விடலாம், சிலிக்கா ஃப்யூம் என்ற மிக நுண்ணிய சிலிக்காத் தூளைச் சேர்க்கலாம், வெடிப்பை அடக்க பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை போடலாம், 28 நாள் ஒழுங்காக நனைக்கலாம். எடையைக் கூட்டினாலும் பலம் கூடும், ஆனால் எடை குறையத்தானே அதைத் தேடிப் போனோம்! கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள ஏஏசி, சதுர மில்லிமீட்டருக்கு 3, 4 நியூட்டன் அழுத்தம் தாங்கும்; அந்த பலத்தை எட்டவே சிஎல்சி 1,000 கிலோ பக்கம் ஏற வேண்டும். சுவரை விட்டுவிட்டு, குளியலறைப் பள்ளத்தை நிரப்ப என்றால் நுரைக் கான்கிரீட்டையே அங்கேயே ஊற்றச் சொல்வேன்.

ஏஏசியிலும் தொல்லை உண்டு. தண்ணீரை உறிஞ்சும். எங்கள் மேஸ்திரி பழக்கதோஷத்தில் செங்கல் போல வாளியில் முக்கி எடுத்தார், முதல் நாளே நிறுத்தினேன். சாதாரண ஆணி நிற்காது, அலமாரிக்கு நீளமான பிளக் வேண்டும். என் சுவர் இதுவரை ஒரே ஒரு ஐப்பசி மழையைத்தான் பார்த்திருக்கிறது. ஜன்னல் மூலையில் மட்டும் ஒரு மயிர்க்கோடு விழுந்தது, பென்சிலால் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.