பவளத்திட்டைக் கண்காணிக்க எது நம்பகம்: நாடாவா, படமா, செயற்கைக்கோளா?

ஒரு பவளத்திட்டைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துப் பத்து ஆண்டுகள் ஆனதும், பாதுகாப்பால் பலன் உண்டா என்ற கேள்வி வரும். கண்காணிப்பு முறைகளை அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தித்தான் எடைபோட வேண்டும்.

செயற்கைக்கோள் நல்ல எச்சரிக்கை மணி. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, 5 கி.மீ. கட்டங்களாகக் கடல்வெப்பத்தைத் தினமும் கணக்கிடுகிறது. 12 வாரங்களில் சேர்ந்த அதிவெப்பத்தின் அளவு (டிகிரி செல்சியஸ்-வாரக் கணக்கில்) 4-ஐ எட்டினால் பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுக்கும். 8-ஐத் தாண்டினால் சாகத் தொடங்கும். ஆனால் எந்தப் பவளம் பிழைத்தது என்பதை அது சொல்லாது.

மெதுவாகப் போகும் படகின் பின்னால் பலகையைப் பிடித்துச் சென்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உயிருள்ள பவளம் எத்தனை சதவீதம் என்று குறிப்பது இன்னொரு முறை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1980-களிலிருந்து இதைச் செய்கிறார்கள். பரந்த பரப்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை. இனம் பிரித்தறியத்தான் முடியாது.

நாடா விரித்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளியில் அடியில் இருப்பதைக் குறிப்பது செலவு குறைந்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே செய்துவிடலாம், கரையேறியதும் எண்கள் கையில் இருக்கும். ஆனால் நீரோட்டம் நாடாவை நகர்த்திவிடும். அடுத்த ஆண்டு அதே கோட்டில் அது விழாது; பார்க்கும் கண்ணும் மாறியிருக்கும்.

என் ஓட்டு நிலையான கட்டப் படங்களுக்குத்தான். பாறையில் ஆணி அடித்து, ஆண்டுதோறும் அதே பருவத்தில், அதே சட்டத்துக்குள் படம் எடுப்பது. ஒரு கட்டிப்பவளத்தின் ஓரம் செத்து, அங்கே பாசி ஏறி, பிறகு திசு மெல்ல வளர்ந்து அதை மூடுவதைப் படம் படமாகத் தொடரலாம். சந்தேகம் வந்தால் பழைய படத்தை எடுத்து மறுபடி எண்ணலாம். நாடாவிலும் படகு முறையிலும் அதற்கு வழியில்லை. பெருந்தடுப்புத் திட்டின் வட, நடுப் பகுதிகளில் 2022-இல் பவளப் பரப்பு 36 ஆண்டுகளில் இல்லாத உயரத்தைத் தொட்டது. அந்த உயர்வில் பெரும்பங்கு அக்ரோபோரா என்ற வேகமாக வளரும் பவளப் பேரினத்துடையது; வெப்பத்துக்கும் புயலுக்கும் முதலில் விழுவதும் அதுவே. வெறும் சதவீதத்தில் இந்த ஆபத்து தெரியாது.

படங்களை அலச நாள் பிடிக்கும். புள்ளிகளை அடையாளம் காணும் மென்பொருள் உதவினாலும் மனிதக் கண் சரிபார்க்க வேண்டும். தட்டுப்பவளத்தின் அடியில் மறைந்திருப்பதும் படத்தில் வராது.

எந்த முறையானாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பாதுகாப்பு எல்லைக்கு வெளியேயும் அதேபோன்ற இடங்கள் வேண்டும். முடிந்தால் அறிவிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும். வெப்ப அலை எல்லைக்கோடு பார்த்து வராது. பாசி மேயும் மீன்கள் உள்ளே மிகுந்திருந்தால் பவளம் மீண்டும் வளர இடம் கிடைக்கும்; அதனால் பாதுகாப்பின் வேறுபாடு பெரும்பாலும் மீட்சியில்தான் தெரியும். ஆகவே கட்டப் படத்தோடு மீன் கணக்கையும் எடுங்கள்.