நூற்புழு பாக்கெட்டுடன் நான்கு வருடம்: பலன் உண்டு, பாக்கெட்டில் உயிர் உண்டா?

போன வாரம் நண்பர் ஒருவர் இரண்டு படம் அனுப்பினார். ஒன்றில் புல்தரை முழுக்கத் தட்டு அகலத்துக்குப் பழுப்புத் திட்டுகள். இன்னொன்றில் ஒரு திட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார், வேரே இல்லாமல் பாய் போலச் சுருண்டு வந்திருக்கிறது. "நீங்க நூற்புழு விடுறீங்களே, உண்மையிலேயே வேலை செய்யுதா? வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது. நேற்றுதான் இந்த வருடத்துப் பாக்கெட்டைப் பிரித்தேன், அதனால் கோபமும் கலந்திருக்கும்.

அடிப்படையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: புல்லின் வேரைத் தின்னும் வண்டுப்புழுவை (வண்டின் இளம்புழு) கொல்வதற்காக மண்ணில் தெளிக்கும், நூல் போன்ற நுண்ணிய உயிர்தான் நூற்புழு. நான் வாங்குவது ஹெட்டிரோராப்டிடிஸ் பாக்டீரியோபோரா என்ற நூற்புழு இனம். ஸ்டெய்னர்நீமா கார்ப்போகாப்சே என்ற இன்னொரு இனம் மண்ணின் மேல்பரப்பில் காத்திருந்து பிடிக்கும் ரகம், படைப்புழுவுக்கு அது நல்லது. வேரோடு கிடக்கும் வண்டுப்புழுவைத் தேடிப் போவது ஹெட்டிரோராப்டிடிஸ்தான். சதுர மீட்டருக்கு 2.5 லட்சம் நூற்புழு என்று கணக்கு. 5 கோடி நூற்புழு உள்ள பாக்கெட் ஒன்று என் 200 சதுர மீட்டருக்குச் சரியாக இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடம், தெளித்த பத்தாம் நாள், ஒரு அடிக்கு ஒரு அடி புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை மடித்துத் திருப்பினேன். முந்தின வருடம் இதே இடத்தில் பதினான்கு வண்டுப்புழு எண்ணியிருந்தேன், எல்லாம் வெள்ளை வெளேரென்று, உடம்பை வளைத்துக்கொண்டு. இந்தத் தடவை உயிரோடு இருந்தவை மூன்று. மற்றதெல்லாம் செங்கல் நிறத்தில் துவண்டு கிடந்தன. நூற்புழு உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமக்கும் போட்டோராப்டஸ் பாக்டீரியாவை விட்டுவிடும். ஒன்றிரண்டு நாளில் புழு செத்துவிடும், அந்தச் சிவப்பு அதன் அடையாளம். இந்த பாக்டீரியா ஒளிரும் என்று படித்திருந்தேன். செத்த புழு ஒன்றைக் காகிதத்தில் வைத்து, இருட்டறையில் கண் பழகும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மங்கலாக, தெரிகிறதா இல்லையா என்கிற அளவில், ஒரு வெளிச்சம் தெரிந்தது. புல்தரைக்காக நான் செய்த வேலைகளில் இவ்வளவு சந்தோஷம் தந்தது வேறு இல்லை.

இதற்கு முன்னால் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்துக் குருணை போட்டுக்கொண்டிருந்தேன். அது வேலை செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை போட்டுத் தண்ணீர் விட்டால் போதும், புழு எண்ணிக்கை நூற்புழுவில் குறைவதைவிட அதிகமாகவே குறையும். ஆனால் என் புல்லுக்கு நடுவில் குளோவர் பூக்கும், தேனீ வரும். இந்த மருந்து செடியின் உடம்பு முழுக்க ஏறும், பூவிலும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். அதைப் படித்தபின் கை வரவில்லை, நிறுத்திவிட்டேன்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். பாக்கெட்டுக்குள் இருப்பது உயிருள்ள பொருள். ஆனால் அது உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வழியே கிடையாது. ஈரமான, வெளிர்நிறப் பசை மாதிரி ஒன்று. உயிரோடு இருந்தாலும் அதே நிறம், செத்தாலும் அதே நிறம். ஃபிரிட்ஜில் வைத்தாலே சில வாரம்தான் தாங்கும். வண்டியில் வெயிலில் அரை நாள் கிடந்தால் அப்புறம் நாம் தெளிப்பது வெறும் தண்ணீர்.

அதனால் நான் செய்வது இது. ஒரு சிட்டிகை எடுத்து, அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் கரைத்து, இருபது நிமிடம் விட்டு, ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் வைத்து லென்ஸில் பார்ப்பேன். அரை மில்லிமீட்டர் நூல்கள் நெளிந்துகொண்டிருந்தால் நல்லது. ஊசி போல நேராக, அசையாமல் கிடந்தால் செத்தவை. நேற்று முழுக்க ஊசி. ஐந்து சொட்டு பார்த்தேன், நெளிந்தது இரண்டே இரண்டு. விற்றவர்களுக்கு எழுதினால் "வழிமுறைப்படி பயன்படுத்தவும்" என்று பதில் வருகிறது. அந்த வழிமுறையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. இதுதான் என்னால் தாங்க முடியாதது. வருடா வருடம் எத்தனை பேர் செத்த பாக்கெட்டைத் தெளித்துவிட்டு, நூற்புழுவே ஏமாற்று வேலை என்று முடிவுகட்டுகிறார்களோ!

முதல் வருடம் வீணானது என் தவறால். தெளிப்பானின் நாசிலுக்குள் இருக்கும் மெல்லிய சல்லடையைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். பாதி நூற்புழு அதிலேயே அடைத்துக்கொண்டது, மீதி டாங்க் அடியில் தங்கிவிட்டது. அடிக்கடி குலுக்கிக்கொண்டே தெளிக்க வேண்டும். காலமும் தப்பியிருந்தது. வண்டுப்புழு கடைசிப் பருவத்துக்கு வந்து கொழுத்துவிட்டால் நூற்புழுவுக்கு எளிதில் மடியாது. முட்டை பொரிந்து இளம்புழுவாக இருக்கும் சில வாரங்கள்தான் சரியான நேரம். முன்னாலேயே தரையை நனைத்து, வெயில் இறங்கியபின் தெளித்து, இலையில் காய்வதற்குள் மறுபடி தண்ணீர் விட வேண்டும். அப்புறம் இரண்டு வாரம் மண் ஈரம் விட்டுப்போகக் கூடாது. வெயில் பட்டால் போச்சு. புல்லடியில் அரை அங்குலத்துக்கு மேல் காய்ந்த சருகு மெத்தை சேர்ந்திருந்தால் மண்ணுக்கே போய்ச் சேராது, முதலில் அதை வாரி எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வருடம் என் புல் பச்சையாக இருந்த பெருமை முழுவதும் பாக்கெட்டுக்குப் போகக் கூடாது. அந்த வருடம்தான் புல்லை உயரமாக விட ஆரம்பித்தேன், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. தினமும் மேலாக நனைப்பதை விட்டுவிட்டு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் வருகிற மாதிரி ஆழமாக விட்டேன். வேர் கீழே இறங்கிவிட்டால் அடிக்கு நாலைந்து புழுவைப் புல்லே தாங்கிக்கொள்கிறது.

நண்பருக்கு என் பதில்: இந்த வருடம் வாங்காதீர்கள். முதலில் மண்வெட்டியை எடுத்து நாலு இடத்தில் அடிக்கு அடி திருப்பி எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் எதுவும் போட வேண்டாம். ஒரு புழுகூட இல்லையா? நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றிப் பாருங்கள். பிள்ளைப்பூச்சியோ படைப்புழுவோ இருந்தால் பத்து நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். வேரைத் தின்னும் வண்டுப்புழு இதற்கு வராது.

இந்தப் பாக்கெட்டுக்கு இன்று நான் கொடுப்பது ஐந்து மதிப்பெண்ணுக்கு இரண்டு. மாற்றுப் பாக்கெட் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இளம்புழுக் காலம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, அதற்குள் வந்தாக வேண்டும்.