புது லைனா, புதுக் கம்பியா?

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஒரு 110 கிலோவோல்ட் லைன் ஆனி, ஆடியில் திணறும். காற்றாலைகள் சுற்றத் தயார். மின்சாரத்தைச் சுமந்துபோகக் கம்பிக்குத் தெம்பில்லை. பக்கத்தில் புது லைன் இழுப்பதா, இருக்கிற கோபுரங்களிலேயே கம்பியை மட்டும் மாற்றுவதா என்று பரிந்துரைக்கும் வேலை என்னிடம் வந்தது. கம்பியை மாற்றச் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நிலத் தகராறு எல்லோருக்கும் தெரிந்தது. புதுத் தடத்துக்கு 22 மீட்டர் அகலம் வேண்டும், கிலோமீட்டருக்கு 5 ஏக்கருக்கு மேல். அதற்குள் தென்னை நிற்கக் கூடாது என்று தோப்புக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு முடிவைத் தந்தது தொய்வு. அங்கே இருந்தது பாந்தர் கம்பி: நடுவில் 7 எஃகு இழை, சுற்றி 30 அலுமினிய இழை. மின்னோட்டம் கூடினால் சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் தாழும். தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. கம்பி உருகிவிடும் என்று யாரும் சுமையைக் குறைப்பதில்லை. தாழ்ந்துவிடும் என்றுதான் குறைக்கிறோம். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் தொய்ந்த கம்பிகள் மரங்களில் உரசி, ஒவ்வொரு லைனாக மின்சாரம் நின்றது. அன்று மாலை நியூயார்க்கே இருண்டது.

நான் மாற்றச் சொன்ன கம்பியில் நடுவில் எஃகுக்குப் பதில் கார்பன் இழைத் தண்டு. அந்தத் தண்டு, எஃகு விரிவதில் ஏழில் ஒரு பங்குதான் விரியும். பாந்தரை 75, 85 டிகிரியில் நிறுத்தியாக வேண்டும். இது 150ஐத் தாண்டியும் விறைப்பாக நிற்கும். அதே கோபுரம், அதே உயரம், ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம்.

விலை சில மடங்கு அதிகம். மின்தடை கொடுத்துத்தான் மாற்ற முடியும். காற்று ஓய்ந்த தை, மாசியில் முடித்தோம். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். இதில் அலுமினியம் கூடுதல் என்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

புது லைன் தருகிற இரண்டாவது வழியை இது தராது. கோபுரமே சாய்ந்தால் உசத்திக் கம்பியும் தரையில்தான் கிடக்கும். 2018இல் கஜா புரட்டிப்போட்ட வேதாரண்யம் போன்ற கடலோரமாக இருந்தால் புது லைனுக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். கார்பன் தண்டின் ஆயுளைப் பற்றியும் அடித்துப் பேச மாட்டேன். நான் கூட இருந்து பார்த்தது ஆறு காற்றுப் பருவம்தான்.

பாந்தர் அறுந்தால் பக்கத்துக் கிடங்கிலிருந்து கம்பி வந்துவிடும். இதற்கு இணைப்புச் சாமான் தனி, பழகிய ஆளும் தனி. தண்டை அதிகமாக வளைத்தால் முறிந்துவிடும். உதிரியாக ஒரு டிரம் கம்பியும் நாலைந்து இணைப்புச் செட்டும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்கவில்லை, முதல் பழுதுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம்.